அழுத்த நீர்ச் சுரங்கங்களில் உள்ளுறையும் கிரவுட் செலுத்திய பாறையும்: சுமைப் பகிர்வு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நீர்மின் நிலையங்களுக்கு உயர் அழுத்தத்தில் நீரைக் கொண்டுசெல்லும் சுரங்கத்தின் வலிமை, அதன் உள்ளுறையில் மட்டும் அடங்கியதன்று. உள்ளுறையும் அதனைச் சூழ்ந்த பாறையும் சேர்ந்து சுமை தாங்கும்போதே சுரங்கம் நிலைபெறுகிறது. அவ்விரண்டையும் இணைப்பதில் கிரவுட் எனப்படும் சிமெண்டுக் கூழின் பங்கையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அழுத்தச் சுரங்கம், உள்ளுறை, கிரவுட், லூஜான் சோதனை, நீர்மின் திட்டம்

முன்னுரை

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்திலுள்ள க்ளூசோன்-டிக்ஸான்ஸ் திட்டத்தில், கிராண்ட் டிக்ஸான்ஸ் அணையின் நீர் சுமார் 1,883 மீட்டர் உயர வேறுபாட்டில் பியூட்ரோன் மின்நிலையத்தை அடைகிறது. 2000 டிசம்பர் 12 அன்று அதன் எஃகு உள்ளுறை கொண்ட அழுத்தக் குழல் ஏறத்தாழ 9 மீட்டர் நீளத்திற்குப் பிளந்தது. வெளியேறிய நீரால் மூவர் உயிரிழந்தனர். விபத்திற்குப் பல காரணிகள் கூறப்பட்டன. பிளந்த இடத்தைச் சூழ்ந்திருந்த பாறையின் வலிமைக்குறைவு அவற்றுள் ஒன்று. எஃகு உறை இருக்கையில் பாறையின் வலிமை ஏன் கணக்கில் வருகிறது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

கான்கிரீட் உள்ளுறையின் இயல்பு

200 மீட்டர் நீர்மட்ட உயரம் சுரங்கத்தின் உட்சுவர்மீது ஏறத்தாழ 2 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தருகிறது. சுரங்கத்தின் உள் ஆரம் 2 மீட்டர், கான்கிரீட்டின் தடிப்பு 40 செ.மீ. எனக் கொள்வோம். பாறையின் துணையின்றி உள்ளுறையே முழுச் சுமையையும் தாங்குமாயின், அதில் எழும் இழுவிசைத் தகைவு சுமார் 10 மெகாபாஸ்கல் ஆகும். சாதாரணக் கான்கிரீட்டின் இழுவலிமையோ 2 முதல் 3 மெகாபாஸ்கல் மட்டுமே. எனவே கான்கிரீட் வெடிக்கும். கம்பிகள் வெடிப்புகளை மெல்லியனவாகப் பரப்புமேயன்றி முற்றாகத் தடுப்பதில்லை. வெடிப்பின்வழி நீர் பாறைக்குள் கசியும். அப்போது நீரை அடக்கிவைப்பது பாறையின் பொறுப்பாகிறது.

எஃகு உள்ளுறையும் இடைவெளியும்

எஃகு உறையில் கசிவுச் சிக்கல் இல்லை. எனினும் சுமைப் பகிர்வுச் சிக்கல் உண்டு. 2 மீட்டர் ஆரமுள்ள எஃகு உறையில் 200 மெகாபாஸ்கல் தகைவு எழும்போது அதன் ஆரம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விரிகிறது. உறைக்கும் அதன் பின்னுள்ள கான்கிரீட்டுக்கும் இடையே அதே அளவு இடைவெளி இருந்தால், எஃகு அத்தகைவை அடையும்வரை பாறை எச்சுமையையும் ஏற்பதில்லை. பாறை மிக நெகிழ்வானதாக இருப்பினும் விளைவு இதற்கு நெருங்கியதே. கண்ணுக்குப் புலப்படாத இடைவெளியே வடிவமைப்பின் கணக்கை மாற்றிவிடும்.

கிரவுட்டின் மூவகைப் பணிகள்

முதலாவது, தொடுபரப்பு நிரப்பல். கான்கிரீட் இடும்போது சுரங்கத்தின் மேற்கூரையில் எஞ்சும் வெற்றிடம் குறைந்த அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. இரண்டாவது, பாறைத் திண்மையாக்கம். வெடிவைத்துத் தோண்டுவதால் சுரங்கத்தைச் சுற்றியுள்ள பாறை தளர்கிறது. ஆரத்திசையில் வளையம் வளையமாகத் துளையிட்டு, கூடுதல் அழுத்தத்தில் கூழ் செலுத்தப்படும்போது பாறையின் நெகிழ்வும் நீர்க்கசிவும் குறைகின்றன. மூன்றாவது, எஃகு உறையின் பின்னுள்ள கான்கிரீட் சுருங்குவதால் தோன்றும் நுண்ணிய இடைவெளியை நிரப்புதல்.

திண்மையாக்கத்தின் பயனை அளக்க லூஜான் சோதனை உதவுகிறது. சுவிஸ் நிலவியலாளர் மோரிஸ் லூஜான் 1933-இல் முன்வைத்த இம்முறையில், 10 பார் அழுத்தத்தில் துளையின் ஒரு மீட்டர் நீளத்தில் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் நீர் உட்புகுவது ஓர் அலகாகும். முதல்நிலைத் துளைகளில் கூழ் செலுத்தியபின் அவற்றின் இடையே துளையிட்டுச் சோதிப்பர். கசிவு குறையாவிடில் அத்துளைகளிலும் கூழ் செலுத்துவர். மிகக் குறுகிய விரிசல்களில் சாதாரணச் சிமெண்டின் துகள்கள் நுழையமாட்டா. அங்கு நுண்துகள் சிமெண்டு தேவைப்படும்.

கிரவுட்டின் எல்லை

பாறையில் இயற்கையாக உள்ள மிகக்குறைந்த அமுக்கத் தகைவு, கசியும் நீரின் அழுத்தத்தைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நீர் பாறையின் விரிசல்களை நெம்பித் திறந்துவிடும். மலைச்சரிவை ஒட்டி, மேற்பாறை மெலிந்துள்ள இடங்களில் இவ்வாபத்து மிகுதி. கிரவுட் விரிசல்களை அடைக்கும். இல்லாத மலைச்சுமையை ஈடுசெய்யாது. அத்தகைய இடங்களில் எஃகு உள்ளுறை இன்றியமையாதது. அதற்கும் ஓர் எதிர்நிலை உண்டு: ஆய்வுக்காகச் சுரங்கத்தை வெறுமையாக்கும்போது, வெளியிலுள்ள நிலத்தடி நீரின் அழுத்தம் எஃகை உள்நோக்கி நசுக்கக்கூடும். ஆதலின் அவ்வெளியழுத்தத்தையும் தாங்குமாறு உறை வடிவமைக்கப்படுகிறது. நீர் மெதுவாகவே வடிக்கப்படுகிறது.

முடிவுரை

உள்ளுறையின் தடிப்பை மட்டும் கூட்டிப் பாதுகாப்பை உறுதிசெய்ய இயலாது. பாறை எவ்வளவு சுமையை ஏற்கும் என வடிவமைப்பாளர் கொள்ளும் ஒவ்வோர் எண்ணும், அந்தந்த இடத்தில் துளையிட்டுச் சரிபார்க்கப்பட வேண்டியதாகும். சுரங்கத்தில் நீர் நிரம்பியபின் அப்பாறையைக் காண வழியில்லை. அதனால் கிரவுட் பணியின்போது செய்யப்படும் அளவீடுகள், கீழே பள்ளத்தாக்கில் வாழ்வோரின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையன.