சாலையைத் தாங்கும் கணக்கு

ஊர்ச்சாலை ஒன்றை அகலப்படுத்த அரசாணை வந்துவிட்டால், எத்தனை அடி அகலம் என்ற கேள்விதான் எல்லார் வாயிலும் முதலில் எழுகிறது. பொறியாளர் முதலில் அறிய வேண்டியது வேறு: அச்சாலைமீது எவ்வளவு எடை, எத்தனை முறை ஏறிச் செல்லப் போகிறது? அகலம் கண்ணுக்குத் தெரியும். தடிமன் மண்ணுக்குள் மறைந்துவிடும். பொதுமக்கள் பணம் பெரிதும் பாழாவது அம்மறைவிடத்தில்தான்.

சாலையைச் சிதைப்பது அதன்மீது ஏறும் எடையே என்பதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்த ஆய்வு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊரருகே நடந்தது. ஆறு சுற்றுச் சாலைகளை வெவ்வேறு தடிமனில் அமைத்து, 1958 முதல் 1960 வரை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அவற்றுள் ஐந்தின்மீது படைவீரர்களைக் கொண்டு சரக்குந்துகளை இரவுபகலாக ஓட்டினர். பதினொரு இலட்சத்திற்கும் மேற்பட்ட அச்சுச் சுமைகள் அத்தளங்களைக் கடந்தன. எத்தளம் எப்போது நொறுங்கியது என்று குறித்து வைத்ததில் ஓர் அரிய விதி புலப்பட்டது: சாலைக்கு நேரும் சிதைவு, அச்சின் சுமைக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை, ஏறத்தாழ அச்சுமையின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. சுமை இரட்டித்தால் சிதைவு பதினாறு மடங்கு.

இவ்விதியின் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாலைப் பொறியியலில் செந்தர அச்சு எனக் கொள்ளப்படுவது ஏறத்தாழ 8.16 டன். மகிழுந்தின் ஓர் அச்சு முக்கால் டன் தாங்குவதாகக் கொண்டால், செந்தர அச்சு ஒன்று ஒருமுறை கடப்பதால் விளையும் தேய்வை உண்டாக்க அம்மகிழுந்து அச்சு பதினான்காயிரம் முறை கடக்க வேண்டும். இருசக்கர ஊர்திகளும் மகிழுந்துகளும் சாலையை நிறைக்கின்றன; நெரிசலுக்கு அவையே காரணம். ஆயினும் தளத்தை உடைப்பவை அவை அல்ல. மணலும் கல்லும் செங்கலும் ஏற்றிச் செல்லும் சரக்குந்துகளே உடைக்கின்றன. கல்குவாரி உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் ஒரே தடிமனில் சாலை போடுவது, போடும் நாளிலேயே அதன் அழிவுக்கு நாள் குறிப்பதாகும்.

2018ஆம் ஆண்டில் இந்திய அரசு, நான்கு சக்கரங்கள் பூட்டிய ஒற்றை அச்சின் ஒப்புதல் சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கூடுதல் சுமை எட்டில் ஒரு பங்கே. நான்காம் அடுக்கு விதிப்படி, அவ்வச்சு முழுச்சுமையுடன் செல்லும்போது ஒவ்வொரு கடப்பிலும் விளையும் சிதைவோ 1.6 மடங்காகிவிட்டது. சரக்கு ஏற்றுவோருக்கு அது ஆக்கம் தந்திருக்கலாம். பழைய அளவுக்கு வகுத்துப் போட்ட மாவட்டச் சாலைகள் தம் ஆயுளின் ஒரு பகுதியை அன்றே இழந்தன.

எனவே, சாலைத் திட்டம் எண்ணுவதில் தொடங்க வேண்டும். ஏழு நாள், இரவும் பகலும், ஊர்திகளை வகைபிரித்து எண்ண வேண்டும். சரக்குந்துகளை நிறுத்தி அச்சுச்சுமையை நிறுத்துப் பார்க்க வேண்டும். போக்குவரத்து ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ந்தால் 15 ஆண்டுகளில் இரண்டு மடங்காகிவிடும். அந்நாள்வரை தளம் தாங்குமாறு வகுப்பதே வடிவமைப்பு. எண்ணும் வேலைக்கு ஆகும் செலவு, கட்டும் செலவின்முன் மிகச் சிறிது. அதை மிச்சப்படுத்த நினைப்பது பெருங்கேடு.

அடுத்தது மண். தளத்தின் அடியில் கிடக்கும் மண்ணை அழுத்தி, நான்கு நாள் நீரில் ஊறவைத்து, ஓர் உருளைத் தண்டால் குத்தி அதன் வலுவை அளக்கும் முறை கலிபோர்னியாவில் உருவாகி உலகெங்கும் பரவியது. ஊறவைத்து அளப்பதன் நோக்கம் தெளிவு: சாலை தோற்பது மழைக்காலத்தில்தான். கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரத்துக் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் பருத்து உப்பும். நனைந்த கரிசலின் வலு மிகக் குறைவு. அங்கே சுண்ணாம்பு கலந்து அடிமண்ணைத் திருத்தியோ நல்ல செம்மண் கொண்டுவந்து நிரப்பியோதான் மேலே கப்பி பரப்ப வேண்டும். செம்மண் நிலத்துச் சாலையின் மதிப்பீட்டை அப்படியே கரிசல் நிலத்திற்கு எடுத்தெழுதுவது பொறியியல் ஆகாது.

நீர்தான் சாலையின் முதற்பகை. தார்ப்பரப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும். அதன்வழி நீர் இறங்கும். இறங்கிய நீர் சல்லி அடுக்கில் தேங்கி, மேலே சக்கரம் அழுத்தும்போதெல்லாம் நுண்மண்ணைக் கரைத்து வெளியே உமிழும். அடி வெறுமையாகும், மேல் அமிழும், குழி பிறக்கும். குழியை மட்டும் தாரால் அடைப்பவர் நோயின் குறியை மறைக்கிறாரே அன்றி நோயைத் தீர்ப்பதில்லை. வடிகால் இல்லாத சாலைக்கு எவ்வளவு உயர்ந்த தார் ஊற்றினாலும் பயன் இல்லை. ஆயினும் மதிப்பீட்டில் தொகையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் வெட்டுப்படுவது வடிகாலும் சிறுபாலமுமே. பழைய ஏரி வாய்க்கால்களின் குறுக்கே போகும் சாலைகளில் இவ்வெட்டு இருவகையில் தீங்கு செய்கிறது: சாலையும் கெடும், வயலும் மூழ்கும்.

நகரங்களில் இன்னொரு கேடு. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தளம் போட்டதால் சென்னைத் தெருக்கள் பலவற்றில் சாலை உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாயிற்று. பழைய தளத்தை அகற்றிய பின்னரே புதுத்தளம் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவுறுத்தியது மிகச் சரியான முடிவு. அதைத் தெருதோறும் சரிபார்ப்பதற்குப் பொதுமக்களின் கண்ணும் தேவை.

இனிப் பணம். சாலைக்கென்று தனிப்பணம் ஒதுக்கும் எண்ணம் இந்நாட்டில் ஏறத்தாழ நூறாண்டு பழையது. 1927இல் அமைந்த செயகர் குழுவின் பரிந்துரைப்படி, பெட்ரோல்மீது மேல்வரி தண்டி 1929இல் நடுவண் சாலை நிதியம் தோற்றுவிக்கப்பட்டது. சாலையைப் பயன்படுத்துவோர் சாலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நெறி. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிதியத்திற்குப் புது வடிவம் தந்தது. அதே ஆண்டு திசம்பர் 25இல் தொடங்கிய முதன்மை அமைச்சரின் ஊரகச் சாலைத் திட்டத்திற்கும் எரிநெய் மேல்வரியே ஊற்றாயிற்று.

எந்தச் சாலைக்கு முதலில் கொடுப்பது? பயனைப் பணமாக்கிச் செலவோடு ஒப்பிடும் முறைக்கு வித்திட்டவர் பிரான்சு நாட்டுச் சாலைப் பொறியாளர் சூல் டுபுய். அவரது கட்டுரை வெளிவந்தது 1844இல். இன்றைய திட்ட அறிக்கைகளில் மிச்சமாகும் பயண நேரமும் எரிநெய்யும் பயனாகக் கொள்ளப்படுகின்றன. இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வருவாயை வைத்து நேரத்திற்கு விலை போடுவதால், மகிழுந்தில் செல்பவரின் ஒருமணி நேரம் பேருந்தில் செல்பவரின் ஒருமணி நேரத்தைவிட உயர்ந்ததாகிவிடுகிறது. பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளையின் நேரம் பெரும்பாலும் கணக்கிலேயே ஏறுவதில்லை. இக்கணக்கை ஊர்ச்சாலைக்கு அப்படியே பொருத்துவது அறமன்று.

நில எடுப்பைப் பற்றி ஒரு சொல். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீட்டுத் தொகைக்கு இணையாக ஆறுதல் தொகையும் தர வேண்டும் என்கிறது. செலவு கூடியது என்று இதைக் குறை கூறுவோர் உளர். நிலம் இழப்பவர் உரிய விலை பெறுவது நேர்மை. அதைத் தாங்க இயலாத திட்டம் தன் வழியையும் அகலத்தையும் மறுபடி ஆராயட்டும்.

எல்லாவற்றிலும் பெருங்குறை பேணுதலுக்குப் பணம் வைக்காமையே. கட்டுவது மூலதனச் செலவு. அதற்குக் கடனும் கிடைக்கும், திறப்புவிழாவும் உண்டு. வடிகால் தூர்வாருவதும் வெடிப்பை அடைப்பதும் ஆண்டுச் செலவு. கருவூலம் நெருக்கடியில் சிக்கும்போது முதலில் சுருங்குவது அதுவே. ஊரகச் சாலைத் திட்டம் இதற்கு நல்ல மருந்து கண்டது: கட்டிய ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டு பேண வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத்துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் இன்னும் ஒரு படி சென்றது. ஊற்றிய தாரின் அளவுக்குக் கூலி தராமல், சாலை குழியின்றி நல்ல நிலையில் இருப்பதற்குக் கூலி தரும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை அங்கே நடைமுறைப்படுத்தியது. குழி விழுந்தால் இழப்பு ஒப்பந்தக்காரருக்கே; ஆகவே குழி விழுமுன் அவர் வடிகாலைப் பார்க்கிறார். இம்முறை ஒவ்வொரு மாவட்டச் சாலைக்கும் ஊராட்சிச் சாலைக்கும் வர வேண்டும்.

ஊரகச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலையின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். சாலையின் நீளம், செலவுத் தொகை, ஐந்தாண்டுப் பேணுதல் தொகை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் ஊர்ப் பலகையைப் படியுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், பேணுதல் தொகையில் இவ்வாண்டு என்ன வேலை நடந்தது என்று எழுந்து கேளுங்கள். புதிய சாலை வரப்போகிறது என்றால் அச்சுச்சுமை அளவையும் மண் ஆய்வையும் வடிகால் வரைபடத்தையும் காட்டச் சொல்லுங்கள்.