விலாசங்கள் போகட்டும், திறப்பு வேண்டாம்

1990இல் இடம்பெயர்ந்த, யாழ்ப்பாணத் தீவகத்தின் மண்டைதீவு மக்களில் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கிறார்கள். தீவக ஊர்களின் திருவிழாப் படங்களும் மரண அறிவித்தல்களும் பழைய மாணவர் சங்கச் செய்திகளும் அப்படிப் போனவர்கள் நடத்தும் இணையத்தளங்களில்தான் பெரும்பாலும் சேர்கின்றன. தளத்தின் சேர்வரைத் தாங்களே பராமரிப்பவர்களுக்கு, அதற்குள் நுழையும் திறப்பு யாரோ ஒருவரின் விண்டோஸ் கணினியில் இருக்கும். 2025 ஒக்ரோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டதால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியை எறிய மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் நல்ல வழி. ஆனால் மாறும்போது, சேமித்த சேர்வர் இணைப்புகளோடு, அவற்றுக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். திறப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவது பிழை.

இணைப்புகள் வெறும் விலாசப் புத்தகம். சேர்வரோடு இணைவதற்குச் சைமன் டாதம் எழுதிய 'பட்டி' (PuTTY) மென்பொருள் விண்டோஸில் அவற்றை ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. லினக்ஸில் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைக்கிறது. ரெஜிஸ்ட்ரியிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்தால் போர்ட் எண் 00000016 என்று கிடக்கும். பதினாறடிமான எண்முறையில் 16 என்பது நமது 22. மாற்றாமல் அப்படியே எழுதினால் லினக்ஸ் 16ஆம் போர்ட்டைத் தட்டிவிட்டுத் திரும்பிவரும். இதைத் திருத்திக் கொண்டுபோகலாம். சேர்வர்களின் அடையாள ரேகைகளையும் கொண்டுபோவது அவசியம். இல்லாவிட்டால் முதல் இணைப்பிலேயே, எதிரில் இருப்பது யாரென்று பாராமல் 'ஆம்' சொல்லவேண்டி வரும்.

திறப்பின் கதை வேறு. பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோனதைக் கண்டு, பின்லாந்தின் டாட்டு இலோனென் 1995இல் எஸ்.எஸ்.எச்.ஐ உருவாக்கினார். அதில் திறப்பு என்பது பொதுத் திறப்பும் அந்தரங்கத் திறப்பும் கொண்ட சோடி; சேர்வருக்குத் தேவை பொதுத் திறப்பு மட்டுமே. அந்தரங்கத் திறப்பு பிறந்த கணினியை விட்டு வெளியேற வேண்டியதே இல்லை. பட்டியின் திறப்புக் கோப்பை லினக்ஸ் வடிவத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும் என்பது உண்மை. ஆபத்தும் அந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. வழியில் யூ.எஸ்.பி.யிலும் மின்னஞ்சலிலும் பிரதிகள் தங்கிவிடும்; நாம் காலவரம்பு குறிக்காதவரை அந்தத் திறப்புக்குக் காலாவதி கிடையாது. வடிவம் மாறினாலும் திறப்பின் பழைய குறை போகாது. பட்டி 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகளில் பி-521 வகைத் திறப்பால் இட்ட சுமார் 60 கையொப்பங்கள் கிடைத்தால், அந்தரங்கத் திறப்பையே கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்று 2024 ஏப்ரலில் ஜெர்மனியின் போஹும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 0.81 பதிப்பு மென்பொருளைத் திருத்தியது. ஏற்கெனவே அப்படிப் பயன்பட்ட திறப்புகளை அல்ல.

'பத்து சேர்வர்கள் இருக்கின்றன, புதுத்திறப்பு போடப்போய் வெளியே நின்றுவிட்டால்?' என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் பழைய திறப்பு இன்னும் கையில் இருக்கிறது. லினக்ஸில் எட்25519 வகைத் திறப்பொன்றை உருவாக்கி, அதற்குக் கடவுச்சொற்றொடர் இட்டு, பழைய கணினி வழியாக அதன் பொதுப்பகுதியைச் சேர்வரில் ஒரு வரியாகச் சேருங்கள். பழைய இணைப்பை மூடாமல் புதியதைச் சோதியுங்கள். விண்டோஸ் ஏற்கெனவே அழிந்து, திறப்பின் பிரதி மட்டும் எஞ்சியிருந்தால், புதியதைச் சேர்க்கும் அந்த ஒருமுறைக்கு மட்டும் அதை வடிவம் மாற்றிப் பயன்படுத்தலாம். எப்படியானாலும், சோதனை சரிவந்ததும் பழைய திறப்பின் வரியைச் சேர்வரிலிருந்து நீக்குங்கள். அதை நாளைக்கென்று தள்ளிவைக்க வேண்டாம்.