முட்டி ஆபரேஷன்: டிஸ்சார்ஜ் ஆன பிறகு வர்ற செலவுக்கு ரெடியா?



அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன். தேதி குறிச்சாச்சு, இன்சூரன்ஸ் இருக்கு, கேஷ்லெஸ் அப்ரூவலும் வந்துடும். இனி என்ன செலவு இருக்கப்போகுதுன்னுதான் நானும் நினைச்சேன். ஆஸ்பத்திரியில இருந்தது 4 நாள். வீட்டுல படுத்து எழுந்து நடந்து பழக 3 மாசம். பர்ஸ் காலியானது அந்த 3 மாசத்துலதான்.

முதல்ல பாத்ரூமைப் பாருங்க. முட்டி மாத்தினவங்க குத்த வச்சு உட்காரக் கூடாது. வீட்டுல இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தா, அட்மிஷனுக்கு முன்னாடியே வெஸ்டர்ன் போட்டுடுங்க. கொத்தனார், பிளம்பர் வந்து, சிமென்ட் காய்ஞ்சு, பழக்கத்துக்கு வர நாளாகும். வாடகை வீடா? உடைக்க முடியாதா? நடுவுல ஓட்டை போட்ட கமோட் சேர் வாங்கி அது மேலயே வைக்கலாம், செலவு ரொம்பக் கம்மி. சுவத்துல கைப்பிடி மாட்டும்போது டிரில் போட்டு மாட்டுங்க. ரப்பர் கப் வச்சு ஒட்டுறதை நம்பி எழுந்திருக்க வேண்டாம், கழண்டு வந்துடும். கால்மிதி, தொங்குற ஒயர் எல்லாத்தையும் எடுத்துடுங்க. தரையில பாய் விரிச்சுப் படுக்கிறவங்களுக்குக் கட்டில் வேணும். இதுல ஒரு தடவை வழுக்கி விழுந்தா, மறுபடியும் ஆஸ்பத்திரிதான்.

இப்போ பாலிசி. பெரும்பாலான பாலிசியில டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள்ல இருந்து 180 நாள் வரைக்கும், அதே சிகிச்சை சம்பந்தப்பட்ட செலவைக் கேட்டு வாங்கலாம். மாத்திரை, செக்கப், எக்ஸ்ரே, டாக்டர் எழுதிக் கொடுத்தா பல பாலிசியில பிசியோதெரபி கூட. அட்மிஷனுக்கு முன்னாடி எடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் 30 அல்லது 60 நாள் கணக்கு இருக்கு. கேஷ்லெஸ் கிடைச்சதோட கதை முடிஞ்சதுன்னு நிறைய பேர் இதைக் கேட்கிறதே இல்லை!

நாங்க கேட்டோம், ஆனா கோட்டை விட்டோம். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு தடவைக்கு 500 ரூபாய், 20 தடவை, கையில காசு. கடைசியா வெள்ளைத் தாள்ல மொத்தமா எழுதி வாங்கினேன். பில் நம்பர் இல்லை, பதிவு எண் இல்லை, டாக்டர் எழுதின சீட்டும் இல்லை. 10,000 ரூபாய் கிளெய்ம் ரிஜெக்ட். தப்பு என்னோடதுதான். அதனால டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே 'பிசியோதெரபி தேவை'ன்னு எத்தனை வாரம்னு போட்டு எழுதச் சொல்லிக் கேளுங்க. ஒவ்வொரு பில்லும் பேஷன்ட் பேர்ல, தேதியோட இருக்கணும். எத்தனை நாளுக்குள்ள அனுப்பணும்னு பாலிசியில ஒரு கெடு போட்டிருப்பாங்க, அதைக் காலண்டர்ல குறிச்சு வைங்க.

வாக்கர், முட்டி பிரேஸ், டயப்பர் இதெல்லாம் சாதாரண பாலிசியில வராது, கைக்காசுதான். இன்னொண்ணு, முட்டி மாற்றுக்குப் பொதுவா வெயிட்டிங் பீரியட் உண்டு. பாலிசி புதுசுன்னா தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

யாருமே எழுதி வைக்காத செலவு, பார்த்துக்கிறவங்களோட லீவு. நீங்களோ உங்க வீட்டம்மாவோ சம்பளம் இல்லாம 15 நாள் லீவு போட்டா, அது அரை மாசச் சம்பளம். முதல் 2 வாரத்துக்கு உதவிக்கு ஆள் வைக்கிறது கட்டுப்படியாகுமான்னு இதோட ஒப்பிட்டுப் பாருங்க. ஆபரேஷன் உங்களுக்கே, நீங்க இ.எஸ்.ஐ.ல இருக்கீங்கன்னா, சந்தா நாள் கணக்கு சரியா இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். அதுக்கு மருத்துவச் சான்றிதழ் முக்கியம்.

அம்மா பேர்ல இருக்கிற பேங்க் அக்கவுண்ட்டுக்கு ஓ.டி.பி. எந்த போனுக்கு வருதுன்னும் பார்த்துக்கோங்க. ஆபரேஷன் அன்னைக்கு அது வீட்டு அலமாரியில பூட்டிக் கிடந்தது, எங்களுக்கு!