கம்பியில்லா இணைப்பும் காரணமறியும் முறையும்

வீட்டு மேசைக் கணினி இணையத் தொடர்பை இழக்குமாயின், இற்றை நாளிற் பல கருமங்கள் தடைப்படுகின்றன. மாணவன் பாடக் குறிப்பைப் பெறமாட்டான். விண்ணப்பம் அனுப்புவோன் முடிவுநாளைத் தவறவிடுவான். கடல் கடந்து வாழும் மக்களுடன் பெற்றோர் உரையாடும் வாய்ப்பும் கெடும். அந்நிலையிற் பலர் செய்வது யாது? சிலர் ஆராயாது புதுக் கருவி வாங்குவர். வேறு சிலர் கணினியிலுள்ள அனைத்தையும் அழித்து, மென்பொருளைப் புதிதாக நிறுவுவிப்பர். பல்லாண்டு சேர்த்த படங்களும் ஆவணங்களும் அதனோடு மறைந்துபோவதுண்டு. பழுது சிறிதாயிருக்க, அதற்குச் செய்த பரிகாரமே பேரிழப்பாய் முடிகின்றது. இதனைத் தவிர்க்கும் வழி, காரணத்தை ஒழுங்குமுறையாய் நாடுதலேயாம்.

முதற்கண் இவ்விணைப்பின் இயல்பை நோக்குவாம். மின்காந்த அலைகள் உளவாதல் வேண்டுமென மாக்சுவெல் என்னும் அறிஞர் 1865 இற் கணிதத்தாற் காட்டினார். அவற்றை ஏர்ட்சு என்பார் 1887, 1888 ஆம் ஆண்டுகளிற் பரிசோதனையால் நிறுவினார். அத்தகைய அலைகளைக் கொண்டே வைஃபை இயங்குகின்றது. அதன் முதலாவது நியமம் 1997 இல் வெளிவந்தது. வீடுகளில் 2.4 கிகாஏர்ட்சு, 5 கிகாஏர்ட்சு என்னும் இரு அலைவரிசைகளே பெரிதும் பயன்படுகின்றன. முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்ரிமீற்றர்; பின்னதன் அலைநீளம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். பின்னதில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆயினும் சுவர்களை ஊடுருவும்போது அது கூடுதலாக வலுவிழக்கும்.

கணினியின் மென்பொருள், அலைகளை வாங்கும் அடாப்டர், இடைவெளி, ரவுட்டர், நிறுவனத்திலிருந்து வரும் தொடர்பு என ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலியாக இவ்விணைப்பைக் கருதலாம். எக்கண்ணி அறுந்ததென அறிவதே ஆராய்ச்சியின் நோக்கமாகும்.

முதலாவது சோதனை மிக எளியது. கைத்தொலைபேசியின் சொந்தத் தரவுச் சேவையை நிறுத்திவிட்டு, அதனை அதே வைஃபையுடன் இணைத்துப் பார்த்தல் வேண்டும். தரவுச் சேவையை நிறுத்தாவிடின் தொலைபேசி அதன்வழியே இயங்கி நம்மை மயக்கும். தொலைபேசியிலும் இணையம் இல்லையெனிற் குற்றம் கணினியினதன்று. ரவுட்டரின் மின்னை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் கொடுத்துச் சில நிமிடம் பொறுத்தல் தகும். அதன் பின்னும் பயனில்லையெனில் நிறுவனத்துக்கு அறிவித்தலே முறை. தொலைபேசி செவ்வனே இயங்குமாயின், ஆராய்ச்சியைக் கணினியின் பக்கம் திருப்பவேண்டும்.

கணினியில் வைஃபைக் குறியே தோன்றாவிடின், அடாப்டரைக் கணினி அறியவில்லை என்பது கருத்து. அது தளர்ந்திருக்கலாம், வேறொரு துளையிற் செருகிப் பார்க்கலாம். விண்டோஸ் புதுப்பிக்கப்பட்ட பின் இது நேர்ந்ததாயின், டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருளை முந்தைய பதிப்புக்கு மீட்டல் பயன் தரும். லினக்ஸ் முறைமையில், அடாப்டருக்குரிய துணைக் கோப்பு இல்லாமையும் ஒரு காரணமாம். புதிய டிரைவரைப் பெறுதற்கும் இணையம் வேண்டுமன்றோ? அதற்குத் தொலைபேசியை யூ.எஸ்.பி. கம்பியாற் கணினியுடன் பிணைத்து, அதன் இணையத்தைத் தற்காலிகமாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

குறி தோன்றியும் வீட்டு வைஃபையின் பெயர் மாத்திரம் காணப்படாவிடின், அடாப்டர் 2.4 கிகாஏர்ட்சு அலைகளை மட்டும் ஏற்பதாயிருக்கலாம். பெயர் தோன்றியும் இணைப்பு மறுக்கப்படின், பதிந்துள்ள கடவுச்சொல்லை நீக்கிப் புதிதாக இடுதல் வேண்டும். இணைந்த பின்னும் பக்கங்கள் திறவாவிடிற் கணினியின் முகவரியை நோக்குக. அது 169.254 எனத் தொடங்குமாயின், ரவுட்டரிலிருந்து உரிய முகவரி கிடைக்கவில்லை என்பது தெளிவு. கணினியின் திகதி பிழைபட்டிருப்பினும் பாதுகாப்பான தளங்கள் பல திறவா. பழைய கணினிகளில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோவதால் இது நிகழும்.

மேசைக் கணினிக்கே உரிய குறையொன்றும் உண்டு. மடிக்கணினியின் அன்ரெனாக்கள் பெரும்பாலும் திரையைச் சூழ அமைந்திருக்கும். மேசைக் கணினியோ உலோகப் பெட்டி. அதன் அன்ரெனா பின்புறத்தில், மேசையின் கீழ், சுவரை நோக்கி மறைந்திருக்கும். உலோகம் அலைகளைத் தடுத்தலால் இணைப்பு அடிக்கடி அறுகின்றது. மேலும், யூ.எஸ்.பி. 3 வகைத் துளைகளும் அவற்றிற் செருகிய கருவிகளும் 2.4 கிகாஏர்ட்சுப் பகுதியில் இரைச்சலை எழுப்பும் என்பதை இன்ரெல் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. வெளிவன்தட்டை இயக்கும் வேளையில் இணைப்பு நலிவதன் மறைபொருள் இதுவாகலாம். ஒரு மீற்றர் நீட்டுக் கம்பியால் அடாப்டரை மேசைமேல் வைத்தல் இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்க வல்லது. புதுக் கணினி வேண்டுவதில்லை. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஏர்ட்சில் இயங்குவதால், சமைக்கும் வேளையில் மட்டும் தொடர்பு குலையுமாயின் அதனையும் ஐயுறுதல் தகும்.

இவ்வாராய்ச்சியிற் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் மூன்று. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றின் எது பயன்தந்ததென அறிய இயலாது. செய்ததைத் தாளிற் குறித்து வைக்க. அனைத்தையும் அழித்து நிறுவுதலை இறுதி வழியாகக் கொண்டு, அதற்குமுன் கோப்புகளை வேறிடத்திற் படியெடுத்து வைக்க.

கருவி பெருகிய காலத்தில் அதனை மாற்றுதல் எளிது; அதன் குற்றத்தை அறிதலே அரிது. ஆயினும் காரணத்தைப் படிப்படியாய் நாடும் பழக்கம் கைவரப் பெற்றவன், வீண் செலவையும் மீளாத இழப்பையும் ஒருங்கே தவிர்ப்பான். பள்ளிப் பரிசோதனைக் கூடத்தில் மாணவர் பயிலும் விஞ்ஞான முறை, வீட்டு மேசையின் கீழும் பயன்படுவதொன்றாம்.