குளிரை அடைக்கும் பை: வாங்கும் முன் ஒரு கணக்கு

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)

“தஞ்சாவூர்க்காரனுக்குக் குளிரைப் பத்தி என்ன தெரியும்?” என்று மலையோரத்து ஊர் நண்பர்கள் கேலி செய்வார்கள். ஒரு வகையில் உண்மைதான். மார்கழி மாதத்தில் நாம் நடுங்குகிற நடுக்கமெல்லாம் இருபது, இருபத்தொரு டிகிரி செல்சியஸில்தான். ஒரு போர்வை, காதைச் சுற்றி ஒரு துண்டு. அதோடு குளிர் தீர்ந்தது.

ஆனால் இப்போது நம் மாணவர்களும் மலையேறக் கிளம்பிவிட்டார்கள். ஒரு குழு டிசம்பர் விடுமுறைக்குக் கொடைக்கானல் என்கிறது. இன்னொரு குழு இமயமலைக்கே ரயில் டிக்கெட் விசாரிக்கிறது. எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: “ஸ்லீப்பிங் பேக் வாங்கணுமாமே, எதை வாங்குறது?”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இந்தப் பையைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது, “ஏன்டா தம்பி, குளிருல படுக்குறதுக்குக் காசு குடுத்தா போவாங்க?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம்மில் பலர் வீட்டில் ஒரு பையின் விலை என்பது பல நாள் நடவுக் கூலி. தவறான பையை வாங்கினால் அந்தக் கூலி வீண். அது மட்டுமென்றால் பரவாயில்லை. 2024 ஜூன் மாதம் உத்தரகாண்டின் சஹஸ்திர தால் ஏரிப் பாதையில் சென்ற கர்நாடகக் குழுவில் 22 பேர் இருந்தார்கள். பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்துபோனார்கள். நல்ல பை இருந்தால் புயலையும் வென்றுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. நமக்கு வெயில் கொளுத்துகிற ஜூன் மாதத்திலேகூட மலையில் குளிர் ஆளைக் கொல்லும். அதனால் இது கடைக்காரரிடம் விட்டுவிடுகிற விஷயம் இல்லை. நாமே கணக்குப் போட வேண்டிய விஷயம்.

பை சூடு தருமா?

தராது நண்பர்களே! முதலில் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பு நம் உடம்புதான். தூங்கும்போது ஒரு மனித உடம்பு ஏறக்குறைய 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பையின் வேலை அந்த வெப்பத்தை ஓடவிடாமல் பிடித்து வைப்பது. அதையும் துணி செய்வதில்லை, துணிக்குள் அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்று செய்கிறது.

இது நமக்குப் புதிதா என்ன? தை மாதம் சம்பா அறுத்துக் களத்தில் நெல் கிடக்கும்போது காவல் படுக்கிறவர்களைப் பாருங்கள். வைக்கோலை முழங்கால் உயரம் பரப்பி, மேலே சாக்கை விரித்து, அதற்குள் புதைந்து படுப்பார்கள். வீட்டுத் திண்ணையில் போர்வையோடு படுப்பவனைவிட பனியில் வைக்கோலுக்குள் படுப்பவன் சுகமாகத் தூங்குவான். வைக்கோல் தாள் உள்ளே குழல். ஒவ்வொரு குழலிலும், தாளுக்கும் தாளுக்கும் நடுவிலும் காற்று. ஸ்லீப்பிங் பேக் என்பது சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளக்கூடிய வைக்கோல் படுக்கை, அவ்வளவுதான்.

கொஞ்சம் தெர்மல் இன்ஜினியரிங்

பரீட்சைக்கு மட்டும் படித்த சூத்திரத்தை இங்கே கொண்டு வருவோம். அசையாத காற்றின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.025. தண்ணீருக்கு 0.6. அதாவது தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பை ஏன் ஆபத்து என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

பைக்குள் திணித்த பஞ்சும் காற்றும் சேர்ந்தால் தோராயமாக 0.04 என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் பரப்பு 1.7 சதுர மீட்டர். மூச்சிலும் வியர்வையிலும் போனது போக 60 வாட் பை வழியாக வெளியே போகலாம். தோலின் வெப்பநிலை 33 டிகிரி. வேண்டிய கனம் எவ்வளவு?

கனம் = கடத்துத்திறன் × பரப்பு × வெப்பநிலை வித்தியாசம் ÷ வெளியேறும் வெப்பம்.

தஞ்சாவூர் மார்கழி இரவு 21 டிகிரி என்றால் வித்தியாசம் 12. கனம் 1.4 செ.மீ. வெளியே 8 டிகிரி என்றால் 2.8 செ.மீ. பூஜ்யம் என்றால் 3.7 செ.மீ. மைனஸ் 10 என்றால் 4.9 செ.மீ. இது தோராயக் கணக்குதான். உடுத்தியிருக்கும் துணி, அடிக்கும் காற்று எல்லாம் இதை மாற்றும். ஆனாலும் கடையில் பையை விரித்து, உதறி, உப்பவிட்டு, மேல்பாதி எத்தனை கனம் எழும்புகிறது என்று விரலால் அளந்து பார்க்க இது உதவும். ஒரு செ.மீ. கூட எழும்பாத பையைக் காட்டி “இமயமலைக்கே தாங்கும் தம்பி” என்று யாராவது சொன்னால் நமஸ்காரம் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

போகிற இடத்தின் குளிர் எவ்வளவு?

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர். வித்தியாசம் 2 கிலோமீட்டர், 13 டிகிரி. நம் ஊரில் 21 என்றால் அங்கே 8. ஊட்டி சுமார் 2240 மீட்டர். அங்கே ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற பள்ளமான இடங்களில் புல்மேல் உறைபனி படியும், பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும்.

பள்ளம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் தாழ்ந்த வயலைத் தேடி ஓடுவது போலக் குளிர்ந்த காற்றும் கனத்துப் பள்ளத்தில் போய் நிற்கும். ஆகவே ஓடைக்கரையில் படுப்பதைவிடச் சரிவில் கொஞ்சம் மேலே, காற்று நேராக அடிக்காத இடத்தில் படுப்பது நல்லது. (வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் போவது குற்றம் என்பதையும் மறக்கக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ பலரைப் பலிகொண்டது நமக்குத் தெரியும்.)

இமயமலையில் குளிர்காலத்தில் பலரும் ஏறும் கேதார்கந்தா சிகரம் 3800 மீட்டர். அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகள் பூஜ்யத்துக்கு வெகு கீழே. கொடைக்கானலுக்கு வாங்கிய பை அங்கே வெறும் போர்வை.

லேபிளில் மூன்று எண்கள்

பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். ஐரோப்பாவில் 2002-ல் ஈ.என். 13537 என்று ஒரு தரநிர்ணயம் வந்தது. பிறகு 2016-ல் அது ஐ.எஸ்.ஓ. 23537 ஆனது. வெப்பமூட்டிய ஒரு பொம்மைக்கு முழு உள்ளாடை உடுத்தி, பைக்குள் படுக்க வைத்து, அடியில் மெத்தை போட்டுச் சோதிக்கிறார்கள். அதிலிருந்து வருகிற எண்கள் மூன்று.

1. கம்ஃபர்ட்: சாதாரண உடல்வாகுள்ள ஒரு பெண் கைகால் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை.

2. லிமிட்: சாதாரண உடல்வாகுள்ள ஓர் ஆண் சுருண்டு படுத்து, எட்டு மணி நேரம் விழிக்காமல் சமாளிக்கக்கூடிய வெப்பநிலை.

3. எக்ஸ்ட்ரீம்: ஆறு மணி நேரம் உயிர் போகாமல் இருக்கும், ஆனால் கை கால் விரல்கள் உறைந்து பாதிக்கப்படலாம் என்கிற வெப்பநிலை.

மூன்றாவது எண் தூங்குவதற்கான எண்ணே இல்லை. ஆனால் பையின் மேல் பெரிய எழுத்தில் “மைனஸ் 10” என்று அச்சடித்திருப்பது சில சமயம் அந்த மூன்றாவது எண்ணாகவே இருக்கும். கம்ஃபர்ட் எவ்வளவு என்று கேளுங்கள். எண்ணும் இல்லை, எந்தத் தரநிர்ணயம் என்றும் போடவில்லை என்றால் அந்த அச்சை நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம். அந்தச் சோதனையில் ஆண் என்றால் 73 கிலோ, பெண் என்றால் 60 கிலோ என்று கணக்கு. நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்த நம்மில் எத்தனை பேர் 73 கிலோ? மெலிந்த உடம்பு குறைவாகத்தான் வெப்பம் உண்டாக்கும். அதோடு குளிர் பழகாத ஊர். ஆகவே ஆண், பெண் இருவருமே கம்ஃபர்ட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எதிர்பார்க்கும் மிகக் குளிர்ந்த இரவைவிட இன்னும் 5 டிகிரி குறைத்து வாங்குங்கள். கொடைக்கானலுக்குக் கம்ஃபர்ட் 3 அல்லது அதற்குக் கீழே. உறைபனி விழும் நீலகிரிப் பள்ளங்களுக்கு மைனஸ் 5. பனி மூடிய இமயமலைக்கு மைனஸ் 10-க்கும் கீழே.

தூவியா, பாலியஸ்டரா?

அறுப்பு முடிந்த வயலில் மேயும் வாத்துக் கூட்டத்தைப் பாருங்கள். பொழுதன்னைக்கும் தண்ணீரில் கிடந்தும் நடுங்குவதில்லை. வெளி இறகில் எண்ணெய்ப் பசை, தண்ணீர் ஒட்டாது. அதற்கடியில் மென்மையான தூவி, அதில் காற்று. விலை உயர்ந்த பைகளில் இந்தத் தூவியைத்தான் அடைக்கிறார்கள். எடை குறைவு, நன்றாகச் சுருங்கும், உதறினால் உப்பும். ஆனால் வெளி இறகு இல்லாத வெறும் தூவி நனைந்தால் கட்டிதட்டிப் போகும், சூடு போய்விடும்.

பாலியஸ்டர் பஞ்சு அடைத்த பை எடை கூடுதல், பருமன் கூடுதல். ஆனால் விலை குறைவு, ஈரமானாலும் ஓரளவு தாங்கும், சீக்கிரம் காயும். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும், ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் நம் வீட்டுக்கும் நம் பாக்கெட்டுக்கும் இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

வடிவம்: காலுக்கு ஒடுங்கி, தலைக்குக் கொக்கிபோல் மூடி வரும் ‘மம்மி’ வடிவம் சூடு காக்கும். நீள்சதுரப் பை தாராளம், ஆனால் உள்ளே வெற்றிடம் அதிகம். அதையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும். உங்கள் உயரத்துக்குச் சரியா என்று உள்ளே படுத்தே பாருங்கள். ஜிப் ஓரம் முழுக்க உள்பக்கம் பஞ்சு வைத்த பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஜிப் வழியே குளிர் ஊசியாய்க் குத்தும்.

அடியில் என்ன விரிப்பது?

எத்தனை நல்ல பையானாலும் நம் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நம் எடையில் நசுங்கிவிடும். காற்று போனால் காப்பும் போச்சு. ஆகவே தரைக்குத் தனி விரிப்பு கட்டாயம். நம் ஊர்க் கோரைப்பாய் காற்று புகுந்து வரட்டும் என்றே நெய்தது. வெயிலுக்கு அமிர்தம், குளிருக்கு உதவாது. ரப்பர் போன்ற ஃபோம் விரிப்பு வாங்குங்கள். விரிப்புகளுக்கு ‘ஆர்’ மதிப்பு என்று ஓர் எண் உண்டு. கூடக் கூட நல்லது. கொடைக்கானலுக்கு 2 போதும், பனித்தரைக்கு 4-க்கு மேல் வேண்டும். பணம் கொஞ்சமாக இருந்தால் பையில் மிச்சம் பிடியுங்கள், விரிப்பில் பிடிக்காதீர்கள்.

படுக்கும் முன்

வயிறாரச் சாப்பிடுங்கள், அடுப்புக்கு விறகு வேண்டுமல்லவா? நடந்து வியர்த்த பனியனோடு படுக்காதீர்கள், காய்ந்த துணி மாற்றுங்கள். தலைக்குக் குல்லா. ஒன்றுக்கு வந்தால் சோம்பல்படாமல் எழுந்து போய்வாருங்கள். மூக்கைப் பைக்குள் விட்டு மூச்சு விடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். 1911-ல் அண்டார்க்டிகாவின் குளிர்கால இருட்டில் பெங்குவின் முட்டை தேடிப்போன வில்சன், பவர்ஸ், செர்ரி-கெரார்ட் என்ற மூவரின் மான்தோல் பைகள், மூச்சும் வியர்வையும் உள்ளே உறைந்து, ஐந்து வாரத்தில் இருமடங்குக்கும் மேல் எடை கூடிவிட்டன.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: கூடாரத்துக்குள்ளோ பூட்டிய அறைக்குள்ளோ கரி அடுப்பு. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

ஊர் திரும்பியதும் பையை நிழலில் காயவைத்து, இறுக்கிச் சுருட்டாமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மாதக்கணக்கில் அமுக்கி வைத்த பஞ்சு மறுபடி எழும்பாது.

வாங்கத்தான் வேண்டுமா?

ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு இரவுக்காக ஆளுக்கொரு பை வாங்குவது நம் நிலைமைக்கு அநியாயம். இமயமலைப் பயணம் நடத்தும் அமைப்புகள் பெரும்பாலும் பையை அவர்களே தருகிறார்கள். கம்ஃபர்ட் எண்ணை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அம்மாவின் பழைய நூல்புடவையை இரண்டாக மடித்துப் பைபோல் தைத்து எடுத்துப்போனால் போதும். பலர் படுத்த பைக்குள் அது சுத்தமான உள்ளுறை.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவுக்கும் விளையாட்டுக்கும் செலவு செய்கிறோம். அதில் கொஞ்சம் ஒதுக்கி, கம்ஃபர்ட் மைனஸ் 5 உள்ள பாலியஸ்டர் பைகள் பத்தும், ஃபோம் விரிப்புகள் பத்தும் வாங்கி, நூலகப் புத்தகம் போலக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாமே! காசு இருக்கிறவன் மலை பார்ப்பான், இல்லாதவன் போட்டோ பார்ப்பான் என்ற நிலை நம் பாலிடெக்னிக்கில் வேண்டாம். பத்துப் பை இருந்தால் ஆண்டு முழுக்க எத்தனையோ பேர் போய்வரலாம். பையின் மேல் எழுதியிருக்கும் எண்ணைச் சரிபார்த்து வாங்குகிற வேலையை இயந்திரவியல் பிரிவு இலவசமாகச் செய்து தரும் என்று உறுதி கூறுகிறேன்!