இது வேற 'உருட்டு' பாஸ்!

கொஞ்சம் கற்பனை பண்ணிக்கோங்க...

ராத்திரி பதினோரு மணி. ஹாஸ்டல் ரூம். தரையில விரிச்ச பெட்ஷீட்டைச் சுத்தி, உங்களையும் சேர்த்து ஆறு பேர். எதிர்ல ஒரு டிராகன் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. உங்க கூட்டத்துல நாலு பேர் ஏற்கெனவே சுருண்டாச்சு. மிச்சம் நீங்க மட்டும்தான். கதை சொல்ற நண்பன் உங்களைப் பார்த்து, "இப்ப என்னடா பண்ணப்போற?"ன்னு கேட்கிறான். 'ஓடிடு'ன்னு அறிவு சொல்லுது. நீங்க "அடிக்கிறேன்"னு சொல்லிட்டு, இருபது முகம் இருக்கிற ஒரு குட்டிக் காயை உருட்டி விடுறீங்க. அது பெட்ஷீட்டைத் தாண்டி, பக்கெட்டுல மோதி, கட்டிலுக்கு அடியில போய் நிக்குது. செல்போன் வெளிச்சத்துல எட்டிப் பார்த்தா... 20!

அப்புறம் அந்த ஃப்ளோரே அதிர்ற மாதிரி ஒரு சத்தம். வார்டன் வந்து கதவைத் தட்டுறது தனிக்கதை!

டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம் ஆடுறவங்க யார்கிட்ட வேணும்னாலும் பேச்சுக் கொடுத்துப் பாருங்க. இப்படி ஒரு 'இருபது விழுந்த கதை' கண்டிப்பா வெச்சிருப்பாங்க. பரீட்சை மார்க் மறந்திருக்கும், இது மறந்திருக்காது. ஒரு பிளாஸ்டிக் காய்க்கு ஏன் இவ்வளவு பில்டப்?

முதல் புதையலே மொக்கை!

இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாத்தா, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ல் வெளியிட்டாங்க. முதல் பதிப்பு வெறும் 1,000 பிரதிதான். ஒருத்தர் கதை சொல்லணும், அவர் பேரு டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். வீரன், திருடன், மந்திரவாதி, பாட்டுக்காரன்... எதுவா வேணும்னாலும் இருக்கலாம். நீங்க என்ன செய்யணும்னு நீங்கதான் முடிவு பண்ணுவீங்க. அது பலிக்குமா, பல்பு வாங்குமான்னு காய் முடிவு பண்ணும்.

ஆரம்பத்துல இந்த விசித்திரக் காய்களை எங்கேயிருந்து வாங்கினாங்க தெரியுமா? பள்ளிக்கூடங்களுக்குப் பாடக் கருவிகள் விற்கிற கம்பெனிகிட்ட இருந்து! கணக்கு கிளாஸுக்காக செஞ்ச காய், டிராகனைக் கொல்லக் கிளம்பிடுச்சு.

நம்ம ஊர் தாயக்கட்டையில ஒண்ணு விழுந்தாதான் கட்டத்துக்குள்ளேயே நுழைய முடியும். அந்த ஒண்ணுக்காக எத்தனை பேர் கட்டையை ஊதி ஊதிப் போட்டிருப்போம்! இங்கே அப்படியே தலைகீழ். 20 விழுந்தா ராஜா. 1 விழுந்தா காலி.

1972-ல் லேக் ஜெனிவாங்கிற சின்ன ஊர்ல இருந்த தன் வீட்டுல, கைகாக்ஸ் தன்னோட மகனையும் மகளையும் உட்கார வெச்சு ஆட்டத்தைச் சோதிச்சுப் பார்த்தார். பசங்க பாதாளத்துல இறங்கி, சண்டை போட்டு, ஒரு பெட்டியையும் கண்டுபிடிச்சுட்டாங்க. உள்ளே 3,000 செப்புக் காசு! ஆனா, பெட்டியைத் தூக்க முடியலை. அவ்ளோ கனம்! பசங்க முகம் எப்படிப் போயிருக்கும்? அதிர்ஷ்டம் தேடி வந்தாலும் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது தனி வேலைன்னு முதல் ஆட்டத்துலயே தெரிஞ்சுபோச்சு.

எதிரிக்கும் 20 விழும்!

20 விழுந்தா அடி ரெட்டிப்புங்கிற யோசனை, 1975-ல் வந்த 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' ஆட்டத்துலயே இருந்தது. ஆனா, கைகாக்ஸுக்கு அது பிடிக்கலை. 1979-ல் வந்த தன்னோட 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' புத்தகத்துல அதை எதிர்த்தே எழுதினார். அவர் சொன்ன காரணம் சிம்பிள். உங்களுக்கு ஒரு சட்டம்னா பூதத்துக்கும் அதே சட்டம்தானே? மாசக்கணக்கா ஆசை ஆசையா வளர்த்த கதாபாத்திரத்தை, பேர்கூட இல்லாத ஒரு பூதம் ஒரே அடியில முடிச்சிட்டுப் போயிடுமே!

ஆடுறவங்க கேட்டாத்தானே? 2000-ல் வந்த மூணாவது பதிப்புல 'கிரிட்டிக்கல் ஹிட்' மைய விதிகளுக்குள்ளேயே வந்துடுச்சு. 2014-ல் வந்த அஞ்சாவது பதிப்புல இன்னொரு சூப்பர் விஷயம் இருக்கு. உங்க ஆள் அடிபட்டு உயிருக்குப் போராடுறான்னு வெச்சுக்கோங்க. உங்க முறை வரும்போதெல்லாம் ஒரு உருட்டு. 10 அல்லது அதுக்கு மேல விழுந்தா பாஸ். கீழே விழுந்தா ஃபெயில். மூணு பாஸ் ஆனா உயிர் தங்கும். மூணு ஃபெயில் ஆனா சங்கு. 1 விழுந்தா ரெண்டு ஃபெயிலுக்குச் சமம். ஆனா, 20 விழுந்தா? ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோட எழுந்து நின்னுடலாம்! 'அவன் அவ்வளவுதான்'னு எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் எழுந்து நின்னா தியேட்டர்ல விசில் பறக்குமா, பறக்காதா?

ஒரு கப்கேக்கின் கதை

அமெரிக்காவுல டப்பிங் கலைஞர்கள் கொஞ்ச பேர் சேர்ந்து 2015-ல் இருந்து இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டிட்டு வர்றாங்க. நிகழ்ச்சியோட பேரு 'கிரிட்டிக்கல் ரோல்'. அதோட ரெண்டாவது தொடர்ல, 2020-ல் ஒரு சீன்.

கூட்டத்துல ஒருத்திக்கு ஒரு சூனியக்காரி கொடுத்த சாபம். அதை எடுக்கணும்னா பதிலுக்கு ஒரு துயரம் வேணுமாம். ஒவ்வொருத்தரா குடிசைக்குள்ள போய், 'எனக்கு இந்தக் கஷ்டத்தைக் கொடு, அவளை விட்டுடு'ன்னு பேரம் பேசுறாங்க. கடைசியா லாரா பெய்லி நடிச்ச ஜெஸ்டர் உள்ளே போறா. அழலை, சண்டை போடலை. ஜாலியா அரட்டை அடிச்சிட்டு, சூனியக்காரிக்கு ஒரு கப்கேக் கொடுக்கிறா. அதுல அவ ஒரு மாயப்பொடியைத் தூவியிருக்கிறது ஆன்ட்டிக்குத் தெரியாது! சாப்பிட்டா மனஉறுதி குறையும். அதாவது, மந்திரத்தை எதிர்க்கும்போது ரெண்டு தடவை உருட்டி, குறைஞ்ச எண்ணைத்தான் எடுத்துக்கணும்.

அடுத்து நினைவை மாத்துற மந்திரத்தைப் போடுறா ஜெஸ்டர். டன்ஜன் மாஸ்டர் மேத்யூ மெர்சர் உருட்டுறார். சூனியக்காரி தோத்துட்டா! சாபத்தைத் தானே சந்தோஷமா எடுத்துவிட சம்மதிச்ச மாதிரி அவ மனசுல ஒரு புது நினைவு. யாரும் எந்தத் துயரத்தையும் கொடுக்கலை. ரசிகர்கள் இன்னிக்கு வரைக்கும் அந்த கப்கேக்கைப் பத்திப் பேசிட்டிருக்காங்க.

சும்மா லக்குன்னு இதைச் சொல்லிட முடியுமா? பொடி தூவினது திட்டம். தனியா உள்ளே போனது தைரியம். இதெல்லாம் செஞ்ச பிறகுதான் காய் உருண்டது.

எங்கேயோ விழுந்த 7

இன்னொரு உருட்டு. இது கற்பனைக் கதைதான். 2016-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' சீரியலோட முதல் எபிசோட் பார்த்திருப்பீங்க. நாலு பசங்க ஆடுறாங்க. டெமோகார்கன் முன்னாடி வந்து நிக்குது. வில் நெருப்புப் பந்தை ஏவுறான். 13 விழணும். காய் தெறிச்சு எங்கேயோ ஓடிடுது. அதுக்குள்ள அம்மா வந்து ஆட்டத்தை முடிச்சு வெச்சிடுறாங்க. விழுந்தது 7. கதை சொல்ற மைக் அதைப் பார்க்கலை. 'அவன் பார்க்கலைன்னா அது கணக்குலயே சேராது'ன்னு கூட்டாளி ஐடியா கொடுக்கிறான். வில் கமுக்கமா இருந்திருக்கலாம். ஆனா, வீட்டுக்குக் கிளம்பும்போது அவனே மைக்கிட்ட, விழுந்தது 7-தான்னு உண்மையைச் சொல்லிட்டுப் போறான்.

நம்ம ஊர்ல இப்போ 'உருட்டு'ன்னா பொய்யை அவிழ்த்து விடுறதுன்னு அர்த்தம். இந்த உருட்டுல பொய்க்கு இடமே கிடையாது. 7-ஐ 7-ன்னு சொல்ற கூட்டத்துலதான் 20 விழும்போது எல்லாரும் கட்டிப்பிடிச்சுக் கத்த முடியும். 'கை ஜாலம் பண்ணிட்டான்டா'ன்னு ஒருத்தனுக்கு சந்தேகம் வந்துட்டா, அந்த ராத்திரியே சப்புன்னு ஆகிடும்.

கணக்குப் புலிகளுக்கு மட்டும்...

* ஒரு உருட்டுல 20 விழ வாய்ப்பு 5 சதவீதம். அடுத்தடுத்து ரெண்டு 20 விழ 400-ல் ஒண்ணு. மூணுன்னா 8,000-ல் ஒண்ணு.

* '20 தடவை உருட்டினா ஒரு 20 கேரன்டி'ன்னு கனவு காணாதீங்க. ஒரு தடவையாவது விழ 64 சதவீதம்தான் வாய்ப்பு.

* நல்லா திட்டம் போட்டு டன்ஜன் மாஸ்டர்கிட்ட சபாஷ் வாங்கினா, ரெண்டு தடவை உருட்டி பெரிய எண்ணை எடுத்துக்கலாம். வாய்ப்பு 5-ல் இருந்து கிட்டத்தட்ட 10 சதவீதமா ஏறிடும். உழைப்புக்குக் கிடைக்கிற போனஸ்!

இருபது முகக் காய் கிடைக்கலையா? ஒண்ணுல இருந்து இருபது வரை சீட்டு எழுதி, மடிச்சு, டிபன் பாக்ஸ்ல போட்டுக் குலுக்குங்க. எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டுடணும், மறந்துடாதீங்க. அடிப்படை விதிகள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. கூட நாலு நண்பர்கள், ஒரு பென்சில், ஒரு கதை... போதும்.

ஒண்ணு மட்டும் கவனிச்சீங்களா? 'நான் ஓரமா நிக்கிறேன்'னு சொன்னவனோட கதையை யாரும் பத்து வருஷம் கழிச்சு சொல்றது இல்லை. அவன் பத்திரமா இருந்திருப்பான், காயையும் தொட்டிருக்க மாட்டான். செமினார் ஹால்ல கேள்வி கேட்கத் தூக்க நினைச்சு பாதியில இறக்கின கை, கேம்பஸ் இன்டர்வியூ லிஸ்ட்ல எழுதாமலே விட்ட பேரு... இதெல்லாம்கூட உருட்டாத காய்கள்தான். 7 விழலாம், 1-கூட விழலாம். விழுந்தா சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டு, அடுத்த முறைக்குக் காத்திருங்க.

சரி, டிராகன் ரொம்ப நேரமா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. என்ன பண்ணப்போறீங்க?