துரை பங்களா யாருக்குச் சொந்தம்?

இலங்கை மலையகத்தில், அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில், தேயிலைச் சரிவுக்கு மேலே எங்காவது ஒரு பங்களா கண்ணில் படும். தகரக் கூரை, புகைபோக்கி, முன்னால் சீராக வெட்டிய புல்தரை. “அதுதான் தொரை பங்களா” என்று பக்கத்தில் இருப்பவர் காட்டுவார். உடனே ஒரு வெள்ளைக்காரர் நம் மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்: மலை அவருடையது, தேயிலை அவருடையது, வீடும் அவருடையது. ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் எண்ணம்தான் இது. ஆனால் இந்தப் பங்களாக்களில் குடியிருந்த துரைமார்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள். தேநீர் ஆறுவதற்குள் இது எப்படி என்று பார்த்துவிடலாம்.

தொடக்கத்தில் நம் எண்ணம் ஓரளவு சரியாகத்தான் இருந்தது. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசுடையது என்றது. அரசு அதை மலிவாக விற்றது. ஆளுநரும் அதிகாரிகளும்கூட வாங்கிக் கோப்பி நட்டார்கள். அந்தக் காலத்துத் தோட்ட வீடு பெரும்பாலும் மரமும் மண்ணும் வைத்துக் கட்டி, புல் வேய்ந்த குடில். அதில் இருந்தவருக்கே நிலமும் சொந்தமாக இருப்பது சாதாரணம்.

1869இல் கோப்பி இலையில் துரு நிறத்தில் ஒரு பூஞ்சணம் தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. கடன் கொடுத்த வங்கிகளும் ஆட்டங்கண்டன. ஓரியண்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. அடகில் இருந்த தோட்டங்கள் கைமாறின. கோப்பி இருந்த சரிவுகளில் தேயிலை ஏறியது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பங்களாவின் சொந்தக்காரர் மாறியதற்குக் காரணம் தேயிலையின் சுபாவத்தில் இருக்கிறது. கோப்பிப் பழத்தைத் தோட்டத்தில் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்தால் போதும். மிச்ச வேலையைக் கொழும்பில் பார்த்துக்கொள்ளலாம். கொழுந்து அப்படிக் காத்திருக்காது. பறித்த கையோடு வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, சூட்டில் உலர்த்தியாக வேண்டும். ஆகவே தோட்டத்திலேயே தொழிற்சாலை வேண்டும். அதற்கு இயந்திரம், இயந்திரத்துக்குப் பெரிய முதல். தனியாளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பனிகள் தோட்டங்களை ஒவ்வொன்றாக வாங்கின.

இந்தத் தொழிற்சாலைத் தேவை வளர்ந்ததைக் கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேயே காணலாம். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்து இளைஞர் 1852இல் அங்கே வேலைக்கு வந்தார். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வணிகத் தேயிலை அங்கேதான் தொடங்குகிறது. அவருடைய முதல் தொழிற்சாலை அவர் குடியிருந்த பங்களாவின் விறாந்தை. அங்கே மேசை போட்டு, ஆட்கள் கையாலேயே கொழுந்தை அழுத்தி உருட்டினார்கள், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வைத்து. பிறகு மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் பரப்பி உலர்த்தினார்கள். சில ஆண்டுகளில் விறாந்தை போதாமல் போய்த் தனியாகத் தொழிற்சாலை எழுந்தது.

கம்பனியோ லண்டனில், தோட்டம் மலையில். நடுவில் கொழும்பில் இருந்தது ஏஜென்சி ஹவுஸ் என்ற முகவர் நிறுவனம். வெளிநாட்டில் இருப்பவர் ஊரிலுள்ள வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாரே, அந்த ஏற்பாடுதான். சம்பளப் பணம், உரம், தேயிலை விற்பனை எல்லாம் அதன் வழியாக நடந்தன. அது அனுப்பும் ‘விசிட்டிங் ஏஜென்ட்’ வந்து மலையையும் கணக்கையும் பார்த்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கைக்குப் பெரிய துரையும் பயப்பட வேண்டியிருந்தது. கூலிக்காரர் முன்னால் அரசனாக நின்றவருக்கும் மேலே ஆள் இருந்தார் என்பதைப் பங்களாவின் அழகு நமக்குச் சொல்வதில்லை.

டெய்லரின் முடிவு இதற்குச் சாட்சி. நாற்பது ஆண்டு அதே தோட்டத்தில் இருந்தவர் அவர். 1892இல் அப்போதைய உரிமைக் கம்பனி அவரை வேலையிலிருந்து விலக்க முனைந்தது. அவர் போக மறுத்தார். அதே ஆண்டு, அதே தோட்டத்தில், நோயில் இறந்தார். இலங்கைத் தேயிலையின் தந்தை என்று நாம் சொல்லும் மனிதருக்கே அந்த வீடு சொந்தமில்லை.

வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற அந்த விதி, தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கும் பொருந்தியது. ஆனால் அங்கே அது பல மடங்கு கொடியதாயிற்று. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது முக்கியமாகப் பழம் பறிக்கும் பருவத்தில். பலர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியாக நடந்து வந்து, வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. அதனால் குடும்பங்கள் லயத்திலேயே தங்கின. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒடுங்கிய ஒரு திண்ணை. தோட்டத்தில் பெயர் இருக்கும்வரை காம்பரா. பெயர் வெட்டினால் வீடும் போகும்.

துரைக்கு வேலை முடிந்தால் சீமைக்குக் கப்பல் இருந்தது. லயத்தில் பிறந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஊரில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாகவும் ஆக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியாரிடம் போனது. பங்களாவுக்குப் புதுத் துரைமார் வந்துகொண்டே இருந்தார்கள். பொகவந்தலாவையில் 1888இல் கட்டிய தியன்சின் பங்களா போன்ற சில இன்று விடுதிகள். லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. மலையக மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது வேலையோடு ஒட்டாத ஒரு வீடும், தங்கள் பெயரில் உறுதி எழுதிய ஒரு துண்டுக் காணியும்.